கறுப்பா வெண்கலமா, ரெண்டில் ஒன்று

மார்ச் 3, திங்கள்

லேபில் காலையிலிருந்து நின்ற காலோடு ஊர்ப்பட்ட பேருக்கு இரத்தம் எடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தால், சாப்பாட்டு மேசை மேல் பிஸ்கட் டப்பா அட்டை வட்ட வட்டமாக வெட்டப்பட்டுக் கிடக்கிறது. பிஸ்கட் எல்லாம் தட்டில், காற்றாட. இவர் இடது கையை நீட்டி உட்கார்ந்திருக்கிறார். மணிக்கட்டில் ஒரு அட்டை வட்டம். ரப்பர் பேண்டு போட்டுக் கட்டியிருக்கிறார்.

"இது நாப்பது மில்லிமீட்டர். இந்தா, இது நாப்பத்திரண்டு. எது எடுப்பா இருக்கு, பார்த்துச் சொல்லு."

"ரெண்டும் அட்டையாத்தான் இருக்கு" என்றேன்.

எல்லாம் மகள் செய்த வேலை. அப்பா பிறந்தநாளுக்கு அவருக்கென்றே ஒன்று வாங்க வேண்டும், அதையும் அவரேதான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று தூரத்தில் உட்கார்ந்துகொண்டு உத்தரவு போட்டாள். வீட்டுக்குள் போட்டுக்கொள்ளச் செருப்பு கேட்பார் என்று நினைத்தேன். கடலுக்கடியில் நீந்துகிறவர்கள் கட்டும் வாட்ச் வேண்டுமாம். அதுவும் பழைய காலத்து மாதிரியில் புதிதாகச் செய்தது. உலகத்துக்கே சில நூறுதான் செய்வார்களாம், பின்னால் எண் போட்டிருக்குமாம். விலையை இங்கே எழுதினால் பேனா மயங்கி விழுந்துவிடும். மகள் கேட்டுவிட்டுச் சிரிக்கிறாள். "வாங்கட்டும்மா, நான்தானே தரேன்."

மழைத்தண்ணீர் தேங்கினால் சுற்றிக்கொண்டு போகிற மனிதர்.

மார்ச் 5, புதன்

எரிச்சலில் முந்தாநாள் எழுதாமல் விட்டதை இன்று எழுதுகிறேன். எனக்காவது நினைவிருக்க வேண்டும்.

இவர் வேலை பார்த்த பாட்டில் ஆலையை வேறு ஊருக்கு மாற்றியபோது, இளவட்டங்களைக் கூட்டிக்கொண்டு போனார்கள். ஷிஃப்ட் மேற்பார்வை பார்த்த இவருக்கு ஒரு பூங்கொத்தைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். அன்றைக்குப் பால்கனி நாற்காலியில் உட்கார்ந்தவர்தான். உடம்புக்கு ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். எது கேட்டாலும் "ம்". சாப்பாட்டில் உப்பில்லை என்று தெரிந்தும் ஒரு வார்த்தை சொல்லாமல் சாப்பிட்டார், அதற்கே எனக்கு அழுகை வந்தது. முகம் மழிக்கவும் நான்தான் சொல்ல வேண்டும். இரத்தம் எடுக்கும்போது ஊசி குத்தினாலும் முகம் சுளிக்காதவர்கள் சிலர் வருவார்கள். அவர்களைப் பார்த்தால் எனக்கு இவர் ஞாபகம்தான் வரும்.

இந்த வாட்ச் பேச்சு வந்த பிறகு நாற்காலியை விட்டு எழுந்திருக்கிறார். அதனால்தான் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கிறேன்.

மார்ச் 9, ஞாயிறு

ஆயிரம் வாட்ச் பார்த்து இரண்டில் வந்து நிற்கிறார். ஒன்று எஃகு. கறுப்பு முகம், எண்களெல்லாம் பழுப்பு. ஏன் இப்படி அழுக்குப் பிடித்த மாதிரி இருக்கிறது என்று கேட்டேன். அது அழுக்கில்லையாம், பழசானால் அந்த நிறம் வரும் என்று முதலிலேயே அந்த நிறத்தில் பூசிவிடுகிறார்களாம். இன்னொன்று வெண்கலம், நீல முகம். அது கட்டக் கட்ட மங்கிக் கறுத்துப் போகுமாம், அதுதான் அதற்கு அழகாம்.

"ஒண்ணு புதுசுலயே பழசு. இன்னொண்ணு சீக்கிரம் பழசாயிடும். அப்படித்தானே?" என்றேன்.

"உனக்கு இதெல்லாம் புரியாது."

வீட்டில் ஒரு பழசு போதாதா என்று வாய் வரைக்கும் வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

மார்ச் 12, புதன்

கேஸ் சிலிண்டர் போட வந்தவரைப் பிடித்து நிறுத்திவிட்டார். வாட்ச்சின் ஓரத்து வளையம் ஏன் ஒரு பக்கம் மட்டும் திரும்பும் என்று பாடம். தண்ணீருக்கடியில் பாறையில் இடித்து வளையம் நகர்ந்தாலும், மீதி நேரம் குறைச்சலாகத்தான் காட்டுமாம், கூடுதலாகக் காட்டாதாம், அதனால் உயிர் பிழைத்துக்கொள்ளலாமாம். அந்த மனிதர் தோளில் காலி சிலிண்டரோடு நின்று, "அப்படிங்களா சார், அப்படிங்களா சார்" என்கிறார். கடைசியில் நான்தான் போய் மீட்டுக்கொண்டு வந்தேன். படியிறங்கும்போது என்னிடம், "சார் கப்பல்ல இருந்தாருங்களா?" என்று கேட்டார்.

மார்ச் 14, வெள்ளி

அட்டை வாட்ச்சைக் கட்டிக்கொண்டே குளித்திருக்கிறார். முந்நூறு மீட்டர் ஆழம் தாங்க வேண்டியது ஒரு வாளித் தண்ணீருக்கே கரைந்துவிட்டது. புதிதாக வெட்ட என் சோப்புத்தூள் டப்பாவைக் கேட்கிறார்.

மார்ச் 16, ஞாயிறு

இன்று காலை, "கறுப்புதான். முடிவு பண்ணிட்டேன்" என்றார். கேட்டதும் சந்தோஷப்பட வேண்டியவள் நான். எனக்குப் பகீரென்றது. முடிவு பண்ணிவிட்டால்? வாங்கிவிடுவார், கட்டிக்கொள்வார், மறுநாள்? அந்த வாட்ச்சைக் கட்டிக்கொண்டு அதே நாற்காலியில் உட்கார்ந்து மணி பார்ப்பாரே!

"கறுப்பா? பள்ளிக்கூடத்துச் சுவர்க் கடிகாரம் மாதிரி இருக்குமே" என்றேன், துணி மடித்துக்கொண்டே.

மனிதர் முகம் தொங்கிப்போயிற்று. உடனே கண்ணாடியைத் தேடி எடுத்தார், மறுபடி ஃபோனில் மூழ்கினார். சாயங்காலம் வெண்கலத்துக்குச் சாய்ந்தார். "வெண்கலம்னா கோயில் மணி ஞாபகம் வருது. கறுப்பு எடுப்பாத்தான் இருந்துச்சு" என்றேன்.

மதில் மேல் பூனையை நானே இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் விரட்டிக்கொண்டிருக்கிறேன். வேறு என்னதான் செய்யட்டும்? பூனை தூங்காமலாவது இருக்கிறதே.

மார்ச் 22, சனி

கடைக்குப் போனோம். சட்டையை அவரே இஸ்திரி போட்டுக்கொண்டார், அதைத் தனியாக எழுத வேண்டும்.

குளிர்சாதனத்தில் கை விறைக்கிற கடை. டை கட்டின தம்பி ஒருவன் வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு, குழந்தையைத் தொட்டிலிலிருந்து எடுக்கிற மாதிரி இரண்டையும் எடுத்து வைத்தான். இவர் ஒரு கையில் கறுப்பு, ஒரு கையில் வெண்கலம். வளையத்தைத் திருப்புகிறார், காதில் வைத்துக் கேட்கிறார். கையைச் சட்டைக்குள் விட்டு இருட்டில் ஒளிர்கிறதா என்று எட்டிப் பார்க்கிறார். பக்கத்தில் மோதிரம் வாங்க வந்த ஜோடி அதைப் பார்த்துச் சிரித்தது. எனக்கு எங்கே போய் முட்டிக்கொள்வது என்று தெரியவில்லை.

"ரெண்டும் ஒவ்வொரு பீஸ்தான் சார் இருக்கு. வெள்ளிக்கிழமை வரைக்கும் உங்களுக்காக எடுத்து வைக்கிறேன்" என்றான் தம்பி.

"மேடம் எதுன்னு சொல்றாங்க?" என்று வேறு கேட்டான். நல்ல நாளிலேயே நான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்கிறவள். குடிக்கத் தண்ணீர் கேட்டுத் தப்பித்தேன்.

மார்ச் 25, செவ்வாய்

அய்யோ, என் வாயில் கொள்ளிக்கட்டையை வைக்க.

லேபில் இன்று ஆறடி ஆள் ஒருவர் ஊசியைப் பார்த்ததும் மயங்கி என் மேலேயே சாய்ந்தார். தோள்பட்டை விண்விண்ணென்று தெறிக்க வீட்டுக்கு வந்தால் குழாய் ஒழுகி அடுப்படியெல்லாம் தண்ணீர். துணியைப் போட்டுத் துடைத்துக்கொண்டிருக்கிறேன், இவர் வாசலில் வந்து நின்றார். மெதுவாகத்தான் கேட்டார்.

"கறுப்பையே எடுத்துடலாமா?"

"உங்க இஷ்டம்" என்றேன்.

உண்மையாகவே அவர் இஷ்டம் என்றுதான் சொன்னேன். வெண்கலம், கோயில் மணி எதுவும் பேசத் தெம்பில்லை, எதை வாங்கினாலும் எனக்குச் சம்மதம் என்ற அர்த்தத்தில். ஆனால் இந்த வீட்டில் அந்த வார்த்தைக்கு அந்த அர்த்தம் எப்போது இருந்தது? கல்யாணமான நாளிலிருந்து, அவர் தம்பி வீட்டுக்குப் போகலாமா என்றால் "உங்க இஷ்டம்". போக மாட்டோம். சுவருக்கு மஞ்சள் அடிக்கலாமா என்றால் "உங்க இஷ்டம்". வெள்ளை அடிப்போம்.

நான் துணியைப் பிழிந்து போட்டுவிட்டு வருவதற்குள் கடைக்கு ஃபோன் பண்ணிவிட்டார். "வேண்டாம் தம்பி, எடுத்து வைக்க வேண்டாம். சிரமத்துக்கு மன்னிச்சுக்குங்க."

"நான் அந்த அர்த்தத்துல சொல்லலைங்க!"

"பரவாயில்ல விடு. யோசிச்சுப் பார்த்தா நீ சொல்றதும் சரிதான்."

நான் என்ன சொன்னேன்? நான் ஒன்றுமே சொல்லலியே!

மார்ச் 26, புதன்

நாற்காலி. "ம்". அட்டை வட்டங்களைக் குப்பைக் கூடையில் பார்த்தேன்.

மார்ச் 27, வியாழன்

மகளிடம் சொல்லி அழுதேன். ஆறுதல் சொல்வாள் என்று பார்த்தால், "நீ 'உங்க இஷ்டம்'னு சொன்னா எனக்கே கை கால் உதறும். அப்பா பாவம்" என்கிறாள். அப்புறம், "நீயே போய் வாங்கிட்டு வந்து கையில கட்டிவிடும்மா" என்றாள். பணம் அனுப்பிவிட்டாள். என் வயிற்றில் பிறந்ததுக்கு இருக்கிற துணிச்சல் எனக்கில்லை.

மார்ச் 28, வெள்ளி

அரை நாள் லீவு போட்டுவிட்டுப் போனேன். இரண்டும் அங்கேயேதான் இருந்தன. கறுப்பைக் காட்டி, இதைக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டு வர வேண்டியதுதானே? சொல்ல முடியவில்லை. கறுப்பு என்று அவர் சொன்னது, வெண்கலத்தை நான் கோயில் மணி என்று சொன்னதால் இருக்குமோ? அதற்கு முன்னாடி சொன்ன கறுப்பு? அதைத்தான் சுவர்க் கடிகாரம் என்று கெடுத்தாயிற்றே. இதில் எது அவர் ஆசை, எது நான் கிளப்பிவிட்டது? குட்டையைக் குழப்பினவளுக்கே மீன் தெரியவில்லை.

இரண்டையும் என் கையில் வைத்துப் பார்த்தேன். வளையத்தைத் திருப்பினேன். காதில் வைத்தேன். கையை முந்தானைக்குள் விட்டு இருட்டில் பார்த்தேன். தம்பி மூன்று தரம் மணி பார்த்தான், அவன் கையிலிருந்தது சாதாரண வாட்ச். சட்டைக்குள் எட்டிப் பார்த்தபோது இவர் அதிக நேரம் பார்த்தது வெண்கலத்தைத்தான் என்று தோன்றியது. வெண்கலத்தையே வாங்கினேன்.

வீட்டுக்கு வந்து பெட்டியை அவர் மடியில் வைத்தேன். திறந்தார்.

"வெண்கலமா?"

"ஆமாங்க. நல்லா இல்லையா?"

"நான் கறுப்புன்னுதானே சொன்னேன்!"

அந்தக் குரலைக் கேட்டு எத்தனை காலம். எதிர்வீட்டில் டிவி சத்தத்தைக் குறைத்தார்கள்.

"என்னிக்காவது நான் சொன்னது உன் காதுல ஏறியிருக்கா? ரெண்டு தடவை சொன்னேன் கறுப்பு, கறுப்புன்னு! வேர்வை பட்டா இது பச்சை பிடிக்கும், எனக்கு உள்ளங்கை எல்லாம் வேர்க்கும், கூடவே இருக்கிற உனக்கு இதுகூடவா தெரியாது?"

"வாயைத் திறந்து தெளிவாச் சொன்னாத்தானே தெரியும்! 'ம்', 'ம்'னா நான் என்னன்னு எடுத்துக்கறது?"

"நீ 'உங்க இஷ்டம்'னா நான் என்னன்னு எடுத்துக்கறது?"

நான் இன்னும் சத்தமாகக் கத்தினேன். வெள்ளைச் சுவர், அவர் தம்பி வீடு எல்லாம் வந்தது. நாற்காலியைக் காலால் தள்ளிவிட்டு, கூடத்துக்கும் பால்கனிக்குமாக நடந்து நடந்து சண்டை போட்டார். எனக்கு ஆத்திரத்தில் மூச்சு வாங்கியது. சந்தோஷமாகவும் இருந்தது. சிரித்துத் தொலைத்துவிடுவேனோ என்று அடுப்படிக்குள் போய் நின்றுகொண்டேன்.

மார்ச் 29, சனி

மாற்றப் போகிறேன் என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு தனியாகப் போனார். திரும்பி வந்தபோது முகம் சிவந்திருந்தது. ஜோடியில் ஒன்று விற்றதும், மீதியிருந்த கறுப்பை நேற்றே பக்கத்து ஊர் பெரிய கடைக்கு அனுப்பிவிட்டார்களாம். "என்னைக் கேக்காம எப்படி அனுப்பலாம்?" என்று என்னிடம் கத்துகிறார். நானா அனுப்பினேன்?

மார்ச் 30, ஞாயிறு

வெண்கலப் பெட்டியோடு, கறுப்பைத் தேடிப் பக்கத்து ஊர்க் கடைக்குக் காலை ரயிலில் கிளம்பிவிட்டார். நான் எழுந்து காபி போடுவதற்குள் செருப்புச் சத்தம் படியில் கேட்டது. மதியம் வந்துவிடுவதாக ஒரு துண்டுச் சீட்டு.

மதியம் வரவில்லை. ஃபோன் அடித்தேன். எடுத்ததும் ஒரே பேச்சுச் சத்தம், சிரிப்பு. "கிடைச்சிடுச்சு, கையிலதான் இருக்கு. நம்ம ஆலை இந்த ஊருக்குத்தானே வந்துச்சு? கடை வாசல்லயே நம்ம பழைய ஷிஃப்ட் ஆளு ஒருத்தன் பார்த்துட்டான், விட மாட்டேங்கிறான். அவன் வீட்டுலதான் சாப்பாடு. ராத்திரி தங்கிட்டு நாளைக்கு வரேன். வை, வை, இங்க பேசிட்டிருக்கோம்."

வைத்துவிட்டார். கறுப்பு எப்படி இருக்கிறது, கையில் எடுப்பாக இருக்கிறதா, ஒரு வார்த்தை இல்லை. இங்கே ஒருத்தி ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாய் விடியலிலிருந்து அடுப்பில் வெந்து, அவருக்குப் பிடித்ததாகப் பார்த்துப் பார்த்துச் செய்து வைத்திருக்கிறேனே, முன்னாடியே சொல்லக் கூடாதா? கோபம் கோபமாக வந்தது. தட்டைப் போட்டு உட்கார்ந்து அவர் பங்கையும் சேர்த்து நானே சாப்பிட்டேன்.