கை ஓய்ந்தால் வரும் படம் குறித்து வடகோட்டைக்குச் சென்ற ஓலை

மங்கலம் பெருகுக. ஆறுகள் வற்றாத ஆழிமலை நாட்டின் கோமான், வடகோட்டையில் எழுந்தருளியிருக்கும் நெடுவேள் சாத்தரையர் திருமுன்பு, பட்டத்தரசி கொற்றமாதேவியாரின் கட்டளைப்படி முதலமைச்சன் குணபாலன் எழுதி விடுக்கும் ஓலை. கோட்டைப் படையும் குதிரைகளும் நலமுற்றிருக்க. அரண்மனையும் நலமே என்று எழுதுவது வழக்கம். அப்படி எழுத வேண்டாம் என்று அரசியார் சொல்லிவிட்டார்.

மன்னர் அறியாததல்ல. ஆட்சி மன்றத்துக் கணினியில், கை ஓய்ந்து சற்று நேரமானால் திரைக்காப்பாகத் தன் படங்களே வரும்படி செய்து வைத்தவள் இளவரசி கயற்கண்ணி. முன்பல் விழுந்த சிரிப்பு ஒன்று; யானைக்குக் கரும்பு நீட்டுவது ஒன்று; மன்னரின் மணிமுடியைக் கவிழ்த்து அதில் புளியம்பழம் பொறுக்குவது ஒன்று. "அப்பா, நீங்க வேலையை விட்டாத்தான் நான் வருவேன்" என்று அவள் மிரட்டியதைக் கேட்டு மன்றமே சிரித்தது. அந்தச் சிரிப்பு அடங்குமுன் காய்ச்சல் வந்து பிள்ளையைக் கொண்டுபோயிற்று. பாழாய்ப்போன காய்ச்சல்!

அதன்பின் மன்னர் கணினிச் சுட்டியிலிருந்து கையை எடுக்கவே இல்லை. உணவு ஆறிப்போகும், படித்த விண்ணப்பத்தையே மறுபடி படிப்பார். கை நின்றால் மகள் வந்துவிடுவாளே என்ற பயம் அது என்பது அரசியாருக்குத் தெரியும். பிறகு மதிலைப் பழுதுபார்க்க வேண்டும் என்று காரணம் சொல்லி மன்னர் வடகோட்டைக்குப் புறப்பட்டார். புறப்படும்போதே, கணினி காக்கும் சடையனிடம் திரைக்காப்பை நிறுத்திவிடும்படி ஆணையிட்டார். அவனும் நிறுத்திவிட்டான்.

அரசியாருக்கோ அந்தப் படங்கள்தான் ஒரே ஆறுதல். மன்றம் கலைந்த பிற்பகலில் தனியே வந்து, கைகளை மடியில் வைத்துக்கொண்டு திரைமுன் அமர்வார். எதையும் தொடமாட்டார். தொட்டால் பிள்ளை போய்விடுவாள் அல்லவா? மன்னர் புறப்பட்ட அன்றும் அப்படித்தான் அமர்ந்தார். திரையில் ஏதோ வாய்க்கால் வழக்கு திறந்து கிடந்தது. பொழுது சாயும்வரை அதுவே கிடந்தது. "சடையா, என் பிள்ளை எங்கடா?" என்று அவர் அலறிய அலறலில் காவலர் ஓடி வந்தனர்.

மன்னரின் ஆணை என்று சடையன் அழுதுகொண்டே சொன்னான். அரசியார் அவனைக் கடியவில்லை; மன்னரையும் கடியவில்லை. "அவருக்குப் பார்த்தா தாங்கல, எனக்குப் பார்க்காட்டி தாங்கல. ரெண்டு பேருக்கும் பிள்ளை ஒண்ணுதானே? ஒரு வழி பண்ணு" என்றார்.

சடையன் வழி செய்துவிட்டான். திரையில் திரியும் அம்பை வலது மேல் மூலைக்குத் தள்ளினால் அக்கணமே இளவரசி வருவாள். சுட்டியை அசைத்தால் போய்விடுவாள். அம்பை இடது கீழ் மூலையில் விட்டு வைத்தால், கை எத்தனை நேரம் ஓய்ந்தாலும் வரமாட்டாள். யாரையும் கூப்பிட வேண்டாம், எதையும் திறந்து மாற்ற வேண்டாம்.

ஆகவே இடது மூலை இனி மன்னருக்கே உரியது. அவர் மன்றத்தில் அமர்ந்திருக்கையில் அம்பைத் தாம் தொடுவதில்லை என்று அரசியார் வாக்களிக்கிறார். என்றேனும் மன்னர் தாமாகவே அதை வலது மூலைக்குக் கொண்டுபோனால், அப்போது தாமும் பக்கத்தில் இருக்க வேண்டும் என்கிறார் அரசியார். அவர் கேட்பது அவ்வளவே. தனியாகப் பார்க்கத் தம்மாலும் முடியவில்லை என்பதை இவ்வோலையில் எழுதச் சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மூத்தவன் என்ற உரிமையில் குணபாலன் ஒன்று சேர்க்கிறான்: மதில் எங்கே ஓடிவிடப் போகிறது, ஐயா? கொத்தர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

நாரை முத்திரை இட்டு, அரசியார் கைப்பட ஒப்பமிட்ட கட்டளை இது. ஓலை கண்டதும் மன்னர் வேலையை விட்டுவிட்டு வருக. பிள்ளை கேட்டதும் அதுவே.