எர்த் இல்லாத ஆம்ப்

அன்புள்ள ரோனிக்கு, ஆண்டவர் கருணையால் அப்பா, நான், உன் தங்கை ஜாய் மூவரும் உயிரோடும் சுகத்தோடும் இருக்கிறோம், டொராண்டோ குளிரில் நீ காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போகிறாயா என்பதுதான் என் கவலை. உயிரோடு என்று எழுதியதைப் பார்த்துப் பதறாதே, முழுதும் படி. நான் போனை எடுத்தாலே ஜாய் பக்கத்தில் வந்து நிற்கிறாள், அண்ணனிடம் சொல்லக் கூடாதாம், அதனால்தான் கடிதம்.

கிட்டாருக்கென்று அவள் பெங்களூரில் சத்தத்தைப் பெருக்கும் பெட்டி, ஒரு பழைய வால்வு ஆம்ப் வாங்கி, ரயிலில் ஏற்றி நம் ஊர் சாம்பியன் ரீப்ஸில் இறக்கினாள் அல்லவா. நம் கோயில் ஹாலுக்கு அவ்வளவு சத்தம் வேண்டாம், சின்னது போதும், பாடுகிறவர்கள் குரல் அமுங்கிப்போகும் என்று கீபோர்டு வாசிக்கும் டைட்டஸ் அப்போதே சொன்னான். இவளுக்கோ வால்வு சூடானால் வரும் அந்தக் கரகரப்புதான் வேண்டும். சத்தத்தைக் கேட்டு வாங்கினாள், பிளக்கைப் பார்க்கவில்லை. அதில் எர்த் பின்னை யாரோ முன்பே வெட்டியிருக்கிறார்கள். மாதா திருவிழாவுக்குப் பாட்டுப் பயிற்சி நடந்த அன்று நல்ல மழை, ஹால் தரை ஈரம், இவள் வெறுங்காலோடு நின்றாள். கிட்டார் கம்பியில் கை இருக்க, பாடுவதற்கு வாயை மைக்கிடம் கொண்டுபோனாள். பாட்டு வரவில்லை. உடம்பு விறைத்து, கண் மட்டும் என்னைப் பார்த்தது. விளையாடுகிறாள் என்று நினைத்தேன் ரோனி. டைட்டஸ்தான் ஓடிப்போய் மெயினை அணைத்தான், அப்படியே விழுந்தாள். ராபர்ட்சன்பேட்டை ஆஸ்பத்திரியில் இதயத்துக்கு ஒன்றும் இல்லை என்று சொல்லி மறுநாள் அனுப்பினார்கள். உதடு வெந்திருந்தது, இப்போது ஆறிவிட்டது.

அந்த ஆம்பைத் தூக்கிப் போடு என்று கத்தியவள் நான்தான். ஆனால் கிட்டாரைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு அவள் சும்மா உட்கார்ந்திருந்தது எனக்கு அதைவிட பயமாக இருந்தது. ஃபேன் சுவிட்ச் போடக்கூட என்னைக் கூப்பிடுவாள், மிக்ஸி ஓடினால் எழுந்து போய்விடுவாள். சுரங்க ஷாஃப்டில் பயந்தவனை அடுத்த ஷிப்டிலேயே கீழே இறக்கும் கேஜில் ஏற்றிவிட வேண்டும் என்று, தன் மைன்ஸ் வேலையை நினைத்து அப்பா சொல்ல, இது உங்கள் மகள், மைன்ஸ் ஆள் இல்லை என்று சண்டை போட்டேன்.

இதற்கிடையில் டைட்டஸ் எலக்ட்ரீஷியனைக் கூட்டிவந்து, ஹாலுக்கு வெளியே பள்ளம் தோண்டி எர்த் போட வைத்தான். ஆம்புக்குப் புது ஒயர், மூன்று பின் பிளக், ஆம்பும் மைக் மிக்ஸரும் ஒரே போர்டில். நேற்று கிட்டாரோடு எங்களை வரச் சொன்னான். ஜாய் வாசலிலேயே நின்றுவிட்டாள். அவன் கிட்டார் கம்பியிலும் மைக்கிலும் மீட்டர் வைத்து, "ஒண்ணும் காட்டல, வந்து பாரு" என்றான்.

"அன்னிக்கும் ஒண்ணும் தெரியலயே" என்றாள் இவள்.

எனக்கு என்ன தோன்றியதோ, எழுந்து போய்க் கிட்டாரை எடுத்துக் கம்பிகளை ஒரு கையில் பிடித்து, மறு கையால் மைக்கைப் பிடித்தேன். பயத்தில் செபம்கூட வாயில் வரவில்லை. ஒன்றும் ஆகவில்லை. "வுடும்மா, வுடு" என்று ஜாய் ஓடிவந்து கிட்டாரைப் பிடுங்கிக்கொண்டாள். பிடுங்கியவள் அதைக் கீழே வைக்கவில்லை. பட்டையைத் தோளில் மாட்டி, ஆம்பின் சத்தத்தை மிகக் குறைத்து ஒரு பாட்டு வாசித்தாள். மைக் பக்கம் மட்டும் இன்னும் போகவில்லை.

இப்போது என் பயமெல்லாம் உன் மேல். நீயும் சனிக்கிழமைகளில் நண்பர்களோடு வாசிக்கிறாய். யாருடைய ஆம்பாக இருந்தாலும் முதலில் பிளக்கைப் பார், மைக்குக்குப் பஞ்சு உறை போட்டுக்கொள். அங்கிருந்து தங்கைக்கு ஆம்ப் அனுப்புவதாகச் சொன்னாயே, வேண்டாம், அங்கே கரண்ட் நூற்றிருபது வோல்டாம், இங்கே போட்டால் எரிந்துவிடும் என்கிறான் டைட்டஸ். ஞாயிற்றுக்கிழமை அதே ஹாலில் நடக்கும் திருவிழாப் பூசையில் அவள் வாசிக்கப்போகிறாள். நான் மெயின் சுவிட்ச் பக்கத்தில் உட்காரப் போகிறேன், பீடத்துக்கு முதுகு காட்டினாலும் மாதா மன்னிப்பாள். ஆண்டவர் உன் கைகளையும் காதுகளையும் காக்கட்டும். நான் எழுதியது ஜாய்க்குத் தெரிய வேண்டாம், திருவிழா எப்படி நடந்தது என்று மட்டும் அவளிடம் கேள்.

உன்னையே நினைத்திருக்கும் அம்மா,
மரியகுழந்தை