கவுதாரியின் கால் முள்

ஜனவரி 7, 2024. ஞாயிறு

சர்ச்சில் பூசைக்குப் போகவில்லை. சேத்தியாத்தோப்புக்குப் போனேன். வெள்ளாற்றுக்கு அந்தப் பக்கம் வயலில் நத்தைகுத்தி நாரைகள், நாற்பது இருக்கும். பனி. லென்ஸ் வியர்த்துவிட்டது. நாற்பதில் ஒன்றுகூடத் தெளிவாக இல்லை.

அம்மா வாசலிலேயே பிடித்துக்கொண்டார். "சாமிய பாக்க ஆறு மணிக்கு எழுந்திருக்க முடியல. கொக்க பாக்க நாலு மணிக்கு எழுந்திருக்கிற."

"கொக்கு இல்லம்மா, நாரை."

"ஆமாம், அதான் உன்ன மோட்சத்துக்கு தூக்கினு போவப் போவுது."

கணினியில் மூன்று ஃபோல்டர்கள். ஊர், பறவை, சோறு. எம்.ஏ. முடித்து இரண்டு வருடம். பகலில் பீங்கான் யூனிட்டில் பில் போடுகிறேன். மிச்சமிருக்கும் நான் இந்த மூன்றுக்குள் இருக்கிறேன்.

ஜனவரி 21. ஞாயிறு

வேப்பூர். நெடுஞ்சாலையோரம் பாஞ்சாலை அக்காவின் சாப்பாட்டுக் கடை. தகரக் கூரை, நான்கு பெஞ்சு. சோறு ஃபோல்டரில் பாதி இந்தக் கடைதான். யூனிட்டில் கழித்துப்போட்ட வெள்ளைத் தட்டுகள் ஆறு கொண்டுபோய்க் கொடுத்தேன். மேல்பூச்சில் ஊசிமுனை அளவு கரும்புள்ளி, அவ்வளவுதான் குறை.

"என் கல்யாணத்துக்கே யாரும் இப்படி தட்டு வக்கலடி. இதுல போட்டா லாரிக்காரன் சோத்த மறந்துட்டு தட்ட பாப்பான்."

அவர் கணவர் பச்சமுத்து அண்ணன் குவைத்துக்கு டிரைவராகப் போகிறார். பாஸ்போர்ட் வந்துவிட்டது, விசா அடுத்த மாதம். போவதற்குள் எனக்குக் கவுதாரி காட்டிவிட வேண்டுமாம். கடைக்குப் பின்னால் அவர்களுடைய மானாவாரி நிலம். முள்வேலியோரம் உட்காரவைத்தார். நாக்கை மடித்துச் சீழ்க்கை அடித்தார். வேலிக்கு அந்தப் பக்கமிருந்து பதில் வந்தது. பிறகு அதுவே வந்தது. ஒன்று, இரண்டு, மூன்று. கழுத்தில் வளையம்போல் கறுப்புக் கோடு, மார்பெல்லாம் நெருக்கமான வரிகள். ஒன்றின் காலில் சேவலுக்கு இருப்பதுபோல் முள், ஆண்.

வேலியில் ஒரு நைலான் சுருக்கு. மெல்லிசு. படத்துக்குள் வராதபடி அரையடி நகர்ந்து உட்கார்ந்தேன்.

பிப்ரவரி 14. விபூதிப் புதன்

நெற்றியில் சாம்பலோடு யூனிட்டுக்குப் போனேன். சூளையிலிருந்து வரும் சாமான்களைத் தட்டிப் பார்த்துப் பிரிக்கும் காசியம்மாள் அக்கா, "என்னா லிசா, சூளைக்குள்ள தலைய வுட்டியா?" என்றார்.

ஈஸ்டர் வரை கறி, மீன், முட்டை கிடையாது. நம்பிக்கையா, பழக்கமா? அம்மாவுக்காக என்று சொல்லிக்கொள்கிறேன். உண்மையில் எதையாவது விட்டுவிட முடிகிறது என்பதில் ஒரு சின்ன கர்வம்.

பிப்ரவரி 25. ஞாயிறு

எடுத்ததிலேயே நல்ல படம் இன்று எடுத்தேன்.

மதியம் கூட்டம் ஓய்ந்ததும் அக்கா உள்ளே கூப்பிட்டார். சட்டியில் கவுதாரி வறுவல். விற்பதற்கு அல்ல, வீட்டுக்கு. அண்ணன் ஊருக்குப் போகப்போகிறாரே என்று செய்தது. எனக்கென்று ஒன்றை முழுசாக எடுத்துவைத்திருந்தார்.

"தவக்காலம்க்கா. நாப்பது நாளைக்குக் கறி இல்ல."

"அட, உங்க சாமிக்கு இன்னிக்குத்தானா கண்ணு தெரியணும்?" முகம் வாடிவிட்டது. அப்புறம் அவரே, "சரி, வாயால துன்ன முடியலன்னா கண்ணால துன்னுட்டுப் போ. படம் எடுத்துக்க" என்றார்.

நான் கொடுத்த வெள்ளைத் தட்டு. மிளகின் கருப்பு, கறிவேப்பிலை, ஓலைத் தட்டியின் இடுக்கில் விழுந்த வெளிச்சம். கால் மடங்கியிருந்த விதத்தில் இன்னும் ஓடிக்கொண்டிருப்பதுபோல.

வந்ததும் ஒரு குழப்பம். இது எந்த ஃபோல்டர்? பறவையா, சோறா? இரண்டிலும் போட்டேன்.

பிப்ரவரி 26

படத்தை இணையத்தில் வெளியிட்டேன். "கவுதாரி வறுவல். பாஞ்சாலை அக்கா கடை, வேப்பூர்." அக்காவுக்கு வியாபாரம் கூடட்டும் என்றுதான். அதற்கு மட்டும்தானா? மாலைக்குள் ஏராளமானோர் பார்த்துவிட்டார்கள். இதுவரை நான் போட்ட எதையும் இத்தனை பேர் பார்த்ததில்லை.

யாரோ கேட்டிருந்தார்: "சும்மா வளர்ப்புக் காடைதானே? கவுதாரின்னு பேரு மட்டும்?"

பதில் எழுதினேன்: "காடை இல்லை. காட்டுக் கவுதாரியேதான். காலில் முள் தெரிகிறது பாருங்கள். ஆண்." கூடவே ஜனவரியில் எடுத்த உயிர்ப்பறவையின் படம். ஒப்பிட.

பிப்ரவரி 29. வியாழன்

பச்சமுத்து அண்ணனைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

காலை ஒன்பதுக்கு அக்கா போனில். அழுகை, பின்னால் லாரிச் சத்தம். "ஃபாரஸ்ட்டு ஆளுங்க வந்தாங்கடி. கூடையில ரெண்டு உசுரா இருந்துது. கண்ணி எல்லாம் எடுத்துட்டாங்க. யாரோ தகவல் குடுத்துட்டாங்களாம். எந்தப் பாவிடி?"

நான் யூனிட்டில் நின்றுகொண்டிருந்தேன். தெரியலக்கா என்றேன்.

தெரியலக்கா.

மார்ச் 1

படத்தை நீக்கினேன். யார் யாரிடமோ அது இன்னும் இருக்கிறது. நீக்கியது யாருக்காக? அண்ணனுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. எனக்குத்தான்.

மார்ச் 3. ஞாயிறு

வேப்பூர் போனேன். பதினைந்து நாள் ரிமாண்ட். அடுப்பு எரியவில்லை.

தகவல் சொன்னது பக்கத்து பஞ்சர் கடை கோகுலகிருஷ்ணன் என்று அக்கா முடிவு செய்துவிட்டார். லாரிகள் அவர் கடை வாசலை மறைத்து நிற்பதாகப் பொங்கலின்போது சண்டை. "அவன்தான். அவன வுட்டா ஆளு ஏது?" அவருடைய போர்வெல்லிலிருந்துதான் இந்தக் கடைக்கு ரப்பர் குழாயில் தண்ணீர் வரும். நேற்று அக்கா அதைப் பிடுங்கி எறிந்துவிட்டார்.

"நீ படிச்ச பொண்ணு. கோர்ட்டுக்கு நல்லா எழுதிக் குடு. குவைத்துக்குப் போவணும், பிள்ளைங்க படிக்குது, எல்லாம் எழுது."

பக்கத்தில் உட்கார்ந்து எழுதினேன். இரண்டு பக்கம். ஒரு பிழை இல்லை. அடித்தல்கூட இல்லை.

போகும்போது கோகுலகிருஷ்ணன் டயரிலிருந்து தலையைத் தூக்கினார். "நீயாவது சொல்லும்மா. நானா? அவன் கண்ணி வக்கிறது எனக்குப் பத்து வருசமா தெரியும். சொல்றவனா இருந்தா அப்பவே சொல்லியிருக்க மாட்டனா?"

தலையாட்டினேன். எதற்கு ஆட்டினேன்?

மார்ச் 10. ஞாயிறு

அக்கா அரை கிலோமீட்டர் தள்ளி டேங்கிலிருந்து குடத்தில் தண்ணீர் சுமக்கிறார். நாலு நடை. இரண்டாவது குடத்தை வாங்கிக்கொண்டேன். "நீதான்டி கூடப் பொறந்தவ மாரி" என்றார்.

இதை எழுதாமல் விட்டிருக்கலாம்.

மார்ச் 12

சட்டம் சரி என்றுதான் நினைக்கிறேன். கண்ணி வைப்பது தவறு. அதை யாராவது ஒரு நாள் சொல்லியிருக்க வேண்டும். நானே சொல்லியிருக்கலாம், ஜனவரியில், வேலியோரம், நேருக்கு நேர். "அண்ணே, இது வேணாம்ணே." சிரித்திருப்பார். கழற்றியும் இருப்பார். நான் அரையடி நகர்ந்தேன்.

பறவைக்காகப் பேசியிருந்தால் வேறு. நான் பேசியது கவுதாரியா, காடையா என்ற விவாதத்தில் ஜெயிக்க.

மார்ச் 16

ஜாமீன் கிடைத்தது. பாஸ்போர்ட்டை ஒப்படைக்க வேண்டும் என்று நிபந்தனை. விசா ஏப்ரல் கடைசி வரைதான். வழக்கு அதற்குள் முடியாது என்று வக்கீல் சொல்லிவிட்டார்.

அண்ணன் போனில் பேசினார். "மனு நல்லா இருந்துதுன்னாரு வக்கீலு. தேங்ஸ் பாப்பா."

மார்ச் 24. குருத்து ஞாயிறு

இன்று வேப்பூர் போகவில்லை. அம்மா ஓலையில் சிலுவை முடைந்து கேமராப் பையின்மேல் வைத்திருக்கிறார். கேமரா ஒரு மாதமாகப் பைக்குள்.

மார்ச் 27. புதன்

ஈஸ்டருக்கு முந்தின பாவசங்கீர்த்தனம். பாவத்தைச் சாமியாரிடம் சொல்லும் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் ஐந்து பேர். நான்கு. மூன்று.

இங்கே சொல்வது சுலபம். வலைத்திரைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் பாஞ்சாலையைப் பார்த்ததே இல்லை. பரிகாரமாக மூன்று அருள்நிறை மந்திரம் சொல்வதோடு முடிந்துவிடும். முடியக் கூடாது.

வரிசையிலிருந்து வெளியே வந்தேன். அம்மா கேட்டார்: "என்னடி, பாவமே இல்லியா உனக்கு?"

மார்ச் 30. சனி

சொல்லிவிட்டேன்.

அக்கா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். அண்ணன் நெய்வேலிப் பக்கம் லாரி வேலை கேட்கப் போயிருந்தார். நின்றுகொண்டே சொன்னேன். படம், பெயர், கடை, முள், எல்லாம்.

"எந்தப் படம்? காட்டு."

போனில் காட்டினேன். ஈரக் கையைப் புடவையில் துடைத்துவிட்டு வாங்கினார். வெகுநேரம் பார்த்தார். "நல்லாத்தான் இருக்குது." திருப்பிக் கொடுத்தார். "இது உனக்குன்னு எடுத்து வச்சது."

போனைப் பைக்குள் வைத்தேன்.

"அந்த ஆள நான் என்னா பேச்சு பேசுனேன் தெரியுமா? செத்துப்போன பொண்டாட்டிய இழுத்துப் பேசுனேன். மனுசன் ஒரு வார்த்த திருப்பி சொல்லல." அப்புறம், "பக்கத்துல உக்காந்து மனு எழுதுன இல்ல? அப்ப கை நடுங்கலியா உனக்கு?"

"நடுங்கலக்கா."

பொய் சொல்ல மனம் வரவில்லை. அந்த ஒரு கேள்விக்காவது.

மறுபடி வெங்காயத்தை எடுத்தார். கண்ணில் நீர், வெங்காயமா வேறா, யார் சொல்ல முடியும். "போ. பஸ்ஸு போயிடும்."

"வண்டியில வந்தேன்க்கா."

"அப்ப வண்டியில போ."

அந்த நேரத்திலும் திருத்தியிருக்கிறேன். பஸ் இல்லை, வண்டி. காடை இல்லை, கவுதாரி. கொக்கு இல்லை, நாரை. சீ.

மார்ச் 31. ஈஸ்டர்

அம்மா பிரியாணி செய்தார். சாப்பிட்டேன். ருசியாக இருந்தது. அதுதான் தாங்கவில்லை.

ஏப்ரல் 28

அக்காவுக்கு ஆறு தடவை போன் செய்தேன், இந்த மாதத்தில். எடுக்கவில்லை. ஒருமுறை பெரிய மகள் எடுத்து, "அம்மா வேலையா இருக்காங்க" என்றாள். பின்னாலிருந்து அவர் குரல் கேட்டது, யாரிடமோ குழம்பு வேண்டுமா என்று கேட்டுக்கொண்டு.

விசா தேதி முடிகிறது.

ஜூன் 9

காசியம்மாள் அக்கா: "உன் கேமரா எங்க, பறவ தூக்கினு போயிடுச்சா?" சிரித்தேன்.

ஆகஸ்ட் 18. ஞாயிறு

பஸ்ஸில் வேப்பூர் போனேன். கேமரா இல்லாமல். ஏன் போனேன் என்று பஸ்ஸில் யோசித்தேன். பசி என்று வைத்துக்கொள்கிறேன்.

கடை நடக்கிறது. முன் பெஞ்சில் கோகுலகிருஷ்ணன் கிரீஸ் கறையோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அக்கா அவருக்கு அப்பளத்தை நொறுக்காமல் பார்த்து வைத்தார். அண்ணன் லாரியில் நாக்பூர் பக்கம் போயிருப்பதாக அவர்கள் பேச்சிலிருந்து தெரிந்தது. அடுத்த வாய்தா செப்டம்பரில்.

மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்தேன். அக்கா என்னைப் பார்த்தார். இலை போட்டார். சோறு, சாம்பார், கோவைக்காய்ப் பொரியல். "கொழம்பு வேணுமா?" என்றார். "ரசம் வேணுமா?" என்றார். எல்லோரிடமும் கேட்பதுபோல. குறைவாகவும் வைக்கவில்லை.

எதிரே ஒரு லாரி டிரைவர், சின்ன வயது. மீன் குழம்பை ஊற்றியதும் போனை எடுத்து இலைக்குமேல் பிடித்தான். அக்கா வாளியோடு வந்துகொண்டிருந்தார். நின்றார். கரண்டியை வாளிக்குள் விட்டுவிட்டு, விரித்த கையை அவன் இலைமேல் வைத்தார். சூடான சோற்றுக்கு ஒரு விரற்கடை மேலே.

"துன்ன வந்தியா, படம் புடிக்க வந்தியா?"

"ஒரு படம்தான்க்கா."

"ஆறிப்போவுது. துன்னு."

அவன் சிரித்துக்கொண்டே போனைப் பையில் போட்டான். அப்புறம்தான் கையை எடுத்தார். கைக்குள் ஆவி படிந்திருந்தது, புடவையில் துடைத்தார். என் பக்கம் திரும்பவே இல்லை.

நான் தலையைத் தூக்காமல் சாப்பிட்டேன். கடைசிப் பருக்கை வரை. இலையை மடித்துக்கொண்டு எழுந்தேன்.