குள்ளன் உலுக்காத மரம்

ராணிப்பேட்டை, 12.2.1986

மரியாதைக்குரிய அத்தாவுக்கு ஜமீரின் ஸலாம். உங்கள் முட்டிவலி குறைந்ததா? நான் நலம்.

தோல் பதனிடும் ஷெட்டில் போன வாரம் சின்னக் குழப்பம். வேறு ஊரிலிருந்து வந்த கடுக்காயைப் பிஞ்சிலேயே அடித்து உதிர்த்திருக்கிறார்கள். அதில் தோல் பதமாகவில்லை. மூட்டைகளைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். நீங்கள் அனுப்பிய முற்றிய காய்தான் கைகொடுத்தது. இனி வருடா வருடம் நம் காய்தான் வேண்டுமாம்.

சித்தேரி மலையில் நமக்குக் காய் பொறுக்கும் குள்ளன் அண்ணனிடம், மரத்தை உலுக்கச் சொல்லிப் போன வருடம் கத்தினேனே! "தானா வுழட்டுங்க பாய், அடுத்த வருசமும் மரம் காய்க்கணுமில்லீங்களா" என்றார். அவருக்கு என் நன்றியைச் சொல்லுங்கள். வரும்போது மன்னிப்பும் கேட்பேன்.

ஷிப்டு மணி அடிக்கிறது. அடுத்த மூட்டைகளையும் அம்மாவே தைக்கட்டும். அந்த நீல நூலை அறுக்க மனம் வராமல், முடிச்சு முடிச்சாக அவிழ்த்துத்தான் பிரித்தேன்.

ஜமீர்