இரண்டு பிள்ளையார் சுழி

சரி, விளையாட்டுக்குத்தான் செய்தேன். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் படத்தின் பின்பக்கத்தை ஒருதரம் திருப்பிப் பார்க்காமல் விட்டது யாருடைய பிழை? உன்னுடையதுதான். செத்துப்போனால் ஏச்சுக் கேட்கத் தேவையில்லை என்று நினைக்காதே.

போன கிழமை உன் மகள் நீ கடைசியாகச் செய்த அந்தப் படத்தை என் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். சுற்றியிருந்த துணியைப் பிரித்ததும் தேயிலைச் சாயமும் பசையும் கலந்த உன் வாசம் முன்னறை முழுக்கப் பரவியது.

"மாமா, கோயில் மண்டபத்திலை அப்பாவின்ரை படங்களை வைக்கப் போறம். இதிலை எது மேல்பக்கம்?"

"பின்னாலை பார் பிள்ளை. உன்ரை கொப்பர் சுழி போடாமல் கடைக்குச் சாமான் துண்டு கூட எழுதமாட்டார். சுழி இருக்கிற பக்கம்தான் மேல்."

"பாத்தனான். எதிரெதிரா ரெண்டு பக்கமும் இருக்கு."

நான் படத்தை வாங்கித் திருப்பிப் பார்த்தேன். ஓம், இரண்டுதான்.

அந்தப் படம் ரெய்னர்ஸ் லேனில் உன் வீட்டுக்குப் பின்னால், ரயில் பாதைக்கு மேலே போகும் நடைபாலத்தில் தொடங்கியது. குறுக்கும் மறுக்குமான அந்த இரும்புச் சட்டங்கள்மேல் தாளை வைத்து, அது பறக்காமல் நான் இரண்டு கையாலும் அமத்திப் பிடிக்க, நீ மெழுகுக் கட்டியால் தேய்த்தாய். சட்டமும் ஆணிக் குமிழும் தாளில் எழும்பி வந்தன. எங்களை வீதி திருத்தும் கவுன்சில் ஆட்கள் என்று நினைத்த ஒரு வெள்ளைக்காரி தன் வீதியில் பெரிய குழி என்று முறையிட்டாள். நாளைக்கே வந்து மூடுகிறோம் என்று சொல்லி அனுப்பினேன். "உனக்கு விசரே? அந்த மனிசி பாத்துக்கொண்டு இருக்கப்போகுது!" என்று நீ வீடு வரும்வரை என்னை ஏசினாய்.

வீட்டில் தாளைத் தேயிலைச் சாயத்தில் நனைத்துக் காயவைத்து, பலகையில் ஒட்டினாய். சட்டங்கள் வெட்டும் இடமெல்லாம் பழைய சேலைக் கரையும் பால்மா பைக்கற்றின் வெள்ளித்தாளும். பின்பக்கம் மேல் ஓரத்தில் பென்சிலால் சுழி. நீ தேத்தண்ணி போடக் குசினிக்குப் போனாய். நான் படத்தைத் திருப்பி, எதிர் ஓரத்தில் இன்னொரு சுழி போட்டேன். உன்னைப் போலவே வாலை நீட்டி. எட்டாம் வகுப்போடு நின்றவன் என்றாலும் கள்ளக் கையெழுத்தில் நான் கெட்டிக்காரன்; இப்போது எது உன்னுடையது, எது என்னுடையது என்று பிரிக்க முடியவில்லை. நீ கண்டுபிடித்துக் கத்துவாய், சிரிக்கலாம் என்று இருந்தேன். அடுத்த கிழமை உன்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

தலைகீழாக மாட்டினால் என்ன என்று வேறு ஆளாக இருந்தால் விட்டுவிடலாம். நீ தந்த படத்தை ஒருமுறை தெரியாமல் மாறி மாட்டியதற்கு, வைத்த தேத்தண்ணியைத் தொடாமல் எழும்பிப் போனவன் அல்லவா நீ? "வீட்டைக் கவிட்டு வைச்சு அதுக்குள்ளை இருப்பியே?" என்று வாசலில் நின்று கேட்டாய்.

நேற்றுக் காலை போனில் எடுத்து வைத்த படத்தோடு அந்தப் பாலத்துக்குப் போனேன். போனைத் திருப்பிப் பார்த்தேன். தலையைச் சரித்துப் பார்த்தேன். கீழே போன ரயிலுக்குள் இருந்து ஒரு பெட்டைப் பிள்ளை என்னைப் பார்த்துச் சிரித்தாள். இரண்டு பக்கமும் சரியாகத்தான் இருந்தது. பாலத்தை நிமிர்ந்து பார்க்கிறோமா, அதன் நிழலைக் குனிந்து பார்க்கிறோமா? தடித்த கோடு கைப்பிடியா, கீழ்ச்சட்டமா? உன்னோடு நின்று தாள் பிடித்த எனக்கே தெரியவில்லையடா.

பின்னேரம் மண்டப வாசலில் உன் மகள் படத்தைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளே ஏணியில் ஆள் காத்திருந்தான்.

"கெதியாச் சொல்லுங்கோ மாமா. எது அப்பாவின்ரை சுழி?"

உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் கை தன்பாட்டில் நீண்டு ஒரு பக்கத்தைக் காட்டியது.

அவள் அந்தச் சுழியை விரலால் மெல்லத் தொட்டாள். விரலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். இரண்டு கண்ணிலும்.

"பிள்ளை, கொஞ்சம் நில். அது சிலவேளை நான்..."

அவள் படத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.