சமானாவுக்குச் சைக்கிள் விட்ட மாப்பிள்ளை

மச்சான்,

இன்று காலை லண்டன் நோர்பரியில் நான் வேலை செய்யும் கடையில் வாழைப்பழப் பெட்டியொன்றைப் பிரித்தேன். அட்டையில் டொமினிக்கன் குடியரசு என்று அடித்திருந்தது. இந்தப் பழம் வருவது மேற்குப் பக்கத்திலிருந்து. உன் சமானா மாகாணம் வடகிழக்கு மூலையில் கிடக்கிறது. இதெல்லாம் எனக்கு எதற்குத் தெரிய வேண்டும்? நீ கண்ணை மூடி இரண்டு வருடமாகியும் அந்த மாகாணம் என் தலையை விட்டுப் போவதாயில்லை.

ஜெர்மனியில் பத்து வருடம் கோப்பை கழுவி, லண்டன் வந்து, நாற்பது வயதில் காதலில் விழுந்தவன் நீ. தோர்ண்டன் ஹீத் தேவாலயப் பாடகர் குழுவில் உனக்குப் பக்கத்தில் நின்று பாடிய மார்த்தாதான் பெண். சமானாவிலிருந்து தகப்பன் வருகிறார், அவர் சம்மதித்தால்தான் கலியாணம் என்று அவள் சொல்லிவிட்டாள். நீ என்ன செய்தாய்? அவருடைய மாகாணத்தைப் பாடமாக்கத் தொடங்கினாய்.

109 பஸ்ஸின் மேல்தட்டில் நான் கேட்பேன், நீ ஒப்புவிப்பாய். நகரசபைகள் மூன்று: சமானா, சான்செஸ், லாஸ் தெரேனாஸ். சமானாவுக்குக் கீழே எல் லிமோன், லாஸ் கலேராஸ், அர்ரோயோ பார்ரில் என்று சின்னப் பிரிவுகள். "எங்கட பிரதேச சபைக்குக் கீழை உப அலுவலகம் இருக்கிற மாதிரி" என்றாய். வரைபடத்தில் கடலுக்குள் நீண்டிருந்த நிலத்தைத் தடவி, "இதுவும் குடாநாடுதான் மச்சான், எங்கட இடம் மாதிரியே கிடக்கு" என்று சிரித்தாய்.

அந்த ஞாயிறு பூசை முடிந்து, மண்டபத்தில் அவருக்கு எதிரே உட்கார்ந்தோம். நீ ஆங்கிலத்தில் ஒரு பிரிவும் விடாமல் சொல்ல, மார்த்தா ஸ்பானியத்தில் சொன்னாள். அவர் முகம் மலர்ந்தது. பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார். லாஸ் தெரேனாஸிலிருந்து எல் லிமோனில் இருக்கும் என் வீட்டுக்கு எப்படி வருவாய்?

நீ என் பக்கம் திரும்பினாய். "சைக்கிளிலை போகலாம், என்னடா?"

"ஓம், அரை மணித்தியாலம் காணும்" என்றேன் நான், பெரிய ஆள் போல.

மனிதர் மேசையில் தட்டித் தட்டிச் சிரித்தார். வழி முழுக்க மலை, மச்சான். அவருடைய வீடு இருப்பதே மலை முதுகில். குடாநாடு என்றால் தட்டையாகத்தான் இருக்கும் என்று இரண்டு யாழ்ப்பாணத்து மூளைகளும் முடிவு கட்டியிருந்தன. எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

நீ மழுப்பவில்லை. நான் மலையே இல்லாத ஊரில் பிறந்தவன், அதனால் மலையை நினைத்துப் பார்க்கத் தெரியவில்லை, சைக்கிளை உருட்டிக்கொண்டாவது வருவேன் என்றாய். மார்த்தா அதையும் ஸ்பானியத்தில் சொன்னாள். அவர் எழுந்து வந்து உன் தோளில் கையைப் போட்டார். இறங்கும்போது பிரேக்கைக் கவனி, வேறொன்றும் சொல்வதற்கில்லை என்றார். நான் மண்டபத்திலேயே விசிலடித்தேன்.

நேற்று என் மகள் ஒரு பையனைப் பற்றிச் சொன்னாள். கானாவில் ஏதோ ஓர் ஊர். நான் சத்தம் போடுவேன் என்று அவள் காத்திருந்தாள், நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் வாயைத் திறந்தபோது உன்னுடைய ஆவல்தான் வந்தது, மச்சான்.

"அங்கை மலை இருக்கோ, பிள்ளை?" என்று கேட்டேன்.