ஸ்டிக்கர் உரித்த லேப்டாப்

நவ. 6, வியாழன்

காலையிலிருந்து தூறல். துணி காயவில்லை. பள்ளிக்கூடம் விட்டதும் மஞ்சக்குப்பத்தில் ஒரு லேப்டாப் கடை.

புதுக் கம்பெனி அனுப்பிய மெயிலை மறுபடி படித்தேன். வீட்டிலிருந்தே புரோகிராமிங் வேலை. லேப்டாப் நாமே வாங்க வேண்டும். அதில் விண்டோஸ் கூடாது, லினக்ஸ் கட்டாயம். பள்ளியில் ராஜினாமா கொடுக்கத் திங்கட்கிழமை கடைசி. ஒன்பது வருஷ கம்ப்யூட்டர் டீச்சர் வேலை. பயமாகத்தான் இருக்கிறது. லேப்டாப் சொதப்பினால் மானம் போய்விடும்.

பார்க்க வேண்டியது: வைஃபை, கேமரா, மைக், மூடித் திறந்தால் விழிக்கிறதா, ரேம் கூட்ட முடியுமா.

ரேம் பற்றிக் கடைக்காரர், "தாராளமா ஏத்திக்கலாம்மா." போனில் தேடினேன். அந்த மாடலில் ரேம் போர்டோடு சேர்ந்தது. ஏற்ற வழியே இல்லை. புளுகன்! லினக்ஸ் பென்டிரைவை எடுத்தேன், போட்டுப் பார்க்கிறேன் என்று.

"அதெல்லாம் சொருவக் கூடாதும்மா. வைரஸ் வந்துடும்."

என்னைப் போய்ச் சந்தேகப்படுகிறார்! வந்துவிட்டேன்.

நவ. 7, வெள்ளி

மழை இல்லை. புழுக்கம். கேஸ் புக் பண்ண மறந்துவிட்டேன்.

ஆன்லைனில் பழைய லேப்டாப் விளம்பரம். குமராட்சிப் பையன், தினேஷ். நான் தேடிய அதே மாடல், ரேம் ஜாஸ்தி, விலை குறைவு. ஏன் குறைவு? போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மூடியில் ஸ்டிக்கர் உரித்த தடம். எந்த ஆபீசில் சுட்டதோ.

போன் செய்தேன். பென்டிரைவ் போட்டுப் பார்க்கலாமா? "தாராளமா பாருங்கக்கா." இவனும் தாராளமா! வீட்டுக்கு வருகிறேன் என்றதும் குரல் இறங்கிவிட்டது. "வூட்டுக்கு வேணாங்கா. சிதம்பரம் பஸ் ஸ்டாண்டுக்கு நானே எடுத்தாறேன்."

திருட்டுப் பொருளேதான். வீட்டில் அவரிடம் சொன்னேன். சிரிக்கிறார். "உன்னப் பொண்ணு பாக்க வந்தப்பகூட நான் இவ்ளோ விசாரிக்கல."

விசாரித்திருக்கலாமே என்றேன்.

நவ. 8, சனி

சிதம்பரம். பஸ்ஸில் நின்றபடியே. முட்டி வலி.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே டீக்கடை. தினேஷ் முன்னாடியே வந்துவிட்டான். இஸ்திரி போட்ட சட்டை. பில் அவன் பெயரில். பில்லையும் நம்பாமல் ஆதார் கேட்டேன். முகம் சுளிக்காமல் காட்டினான்.

பென்டிரைவ் போட்டேன். வைஃபை ஓகே. கேமரா, மைக் ஓகே. "மூடித் தொறந்து பாருங்கக்கா. லினக்ஸ்ல அங்கதான் மாட்டும்" என்று அவனே சொன்னான். மூடித் திறந்தேன். விழித்துக்கொண்டது. விஷயம் தெரிந்த பையன். பிறகு ஏன் விற்கிறான்?

தடத்தைக் காட்டிக் கேட்டேவிட்டேன். "இது எந்த ஆபீசுது?"

"லேப்டாப் என்னுதுதான்க்கா. ஸ்டிக்கர் மட்டும் கம்பெனிது. சொந்தமா வாங்கணும், லினக்ஸ் இருக்கணும்னாங்க. வாங்கினேன். ஆறு மாசத்துல எங்க பேட்ச் மொத்தத்தையும் வேலைய விட்டு அனுப்பிட்டாங்க. இப்ப புது பேட்ச் எடுக்கறாங்களாம்." கண்ணாடி டம்ளரையே பார்த்தான். "வூட்ல இன்னும் தெரியாதுக்கா. அதான் இங்க வரச் சொன்னேன்."

கம்பெனி பெயர் கேட்டேன். சொன்னான்.

எனக்கு மெயில் அனுப்பிய அதே கம்பெனி.

"நீங்க எதுக்குக்கா வாங்குறீங்க?"

ஸ்கூலுக்கு என்றேன்.

கடைக்காரரைச் சந்தேகப்பட்டேன். இந்தப் பிள்ளையைத் திருடன் என்றேன். அந்த மெயிலை மட்டும் ஒரு தடவைகூடச் சந்தேகப்படவில்லை. சீ, என்ன புத்தி!

லேப்டாப்பை வாங்கிக்கொண்டேன். பேரம் பேச மனசில்லை.

வாசலிலேயே அவர், "லேப்டாப் ஓகேவா?"

லேப்டாப் ஓகே என்றேன்.

நவ. 10, திங்கள்

நல்ல வெயில். துணி காய்ந்தது.

பிரின்சிபல் கூப்பிட்டார். "ஏதோ லெட்டர் குடுக்கணும்னீங்களே மேடம்?" ஒன்றுமில்லை சார் என்றேன். கடிதம் பையில்தான் இருந்தது, லேப்டாப்புக்கு அடியில்.

சாயங்காலம் அவர் ஸ்வீட் வாங்கி வந்திருக்கிறார், புது வேலைக்கு. ஒன்று சாப்பிட்டேன். வீட்டில் இன்னும் தெரியாது.